ஹாபருக்குள் கடல் இல்லை

ஹாபர் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் கடல் இல்லை. கப்பலோ நங்கூரமோ அலையோ இல்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு நீண்ட வீதிக்கே உட்துறைமுக வீதி என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் துறைமுகம் என்ற சொல்லை எழுதுவதற்கு மட்டும்தான் எடுப்போம், பேச்சில் எப்போதும் ஹாபர்தான். "மாமா ஹாபருக்குப் போட்டார்" என்றால் வேலைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். "ஹாபரில கப்பல் வந்திருக்கு" என்றால் அந்தக் கிழமை மாமாவுக்கு ஓவர்டைம் இருக்கிறது, வீட்டில் இறைச்சி காய்ச்சுவார்கள் என்று அர்த்தம். அப்படிப் பிறந்ததிலிருந்து வாயில் புழங்கும் ஒரு சொல்லின் அடியைத் தோண்டிப் பார்த்தபோது அங்கே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர்கூட இல்லாதது எனக்குப் பெரிய வியப்பு. நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். சொற்களின் வேர் தேடுவதில் தனி ஆசை உண்டு. ஆனால் வேறெந்தச் சொல்லும் எனக்கு என் ஊரை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

பழைய ஆங்கிலத்தில் அது 'ஹெரெபெயோர்க்'. இரண்டு சொற்கள் ஒட்டியது. 'ஹெரெ' என்றால் படை. 'பெயோர்க்' என்றால் காப்பு, மறைப்பு. ஆக, படை தங்கும் இடம். வடக்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் பேசிய நோர்ஸ் மொழியிலும் ஏறக்குறைய இதே வடிவம் இருந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் வீட்டில் உள்ள ஒரு அறையை 'ஹெர்பெர்கி' என்றுதான் சொல்கிறார்கள். படுக்கை அறை, பிள்ளைகளின் அறை எல்லாமே அவர்களுக்கு ஹெர்பெர்கி.

இந்த 'ஹெரெ' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலோ சாக்சன் காலத்து ஆண்டுக்குறிப்புகளில் படைக்கு இரண்டு சொற்கள் வருகின்றன. தங்கள் ஊர் ஆட்களைத் திரட்டிய படைக்கு ஒரு சொல், 'ஃபியர்ட்'. கப்பலேறி வந்து கொள்ளையடித்த டேனியர் படைக்கு இன்னொரு சொல். அதுதான் 'ஹெரெ'. அந்நியப் படை, சூறையாடுகிற படை. கோடையில் வந்து அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள், 9ஆம் நூற்றாண்டின் நடுவில் முதன்முறையாகக் குளிர்காலத்தையும் இங்கிலாந்திலேயே கழித்தார்கள் என்று அந்தக் குறிப்புகள் ஒரு திகிலோடு பதிந்து வைத்திருக்கின்றன. வந்து போவதற்கும் வந்து தங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குறிப்பை எழுதினவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஹெரோல்ட் என்ற பெயரிலும், ஜெர்மன்காரர் தரைப்படைக்குச் சொல்லும் 'ஹேர்' என்ற சொல்லிலும் இருப்பது இதே படைதான்.

மற்றப் பாதியான 'பெயோர்க்' வேறு ஒரு பக்கம் போகிறது. காத்தல், மூடி மறைத்தல் என்ற அந்த வேரிலிருந்துதான் புதைப்பதற்கான ஆங்கில வினைச்சொல்லும் வந்தது. அடைக்கலம் கொடுப்பதும் மண்ணுக்குள் வைப்பதும் ஒரே அடியில் கிளைத்தவை. எங்கள் ஊரில் இது வெறும் அகராதிச் செய்தி இல்லை. நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நகரத்துக்குள் பழைய சென் ஸ்டீபன்ஸ் கல்லறையில், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் கிடக்கிறார். 1852இல் பர்மாவில் இறந்தவர். ஹாபரைத் தேடி வந்த படைகளில் ஒரு பகுதி இந்த மண்ணிலேயே தங்கிவிட்டது.

படை தங்கும் இடம் என்ற பொருள் நாளடைவில் யாரும் தங்கும் இடம் என்று விரிந்தது. வழிப்போக்கன் இரவு தலைசாய்க்கிற இடம், சத்திரம், விடுதி. கடல் பிறகுதான் வந்தது, அதுவும் மெல்ல மெல்ல. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசர் எழுதிய கான்டர்பரிக் கதைகளின் முன்னுரையில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டிருக்கிறது. யாத்திரைக்காரர்கள் கூடியிருக்கும் விடுதியில், விடுதிக்காரர் "இந்த வருஷம் இவ்வளவு கலகலப்பான கூட்டத்தை இந்த 'ஹெர்பெர்வ'யில் நான் பார்க்கவில்லை" என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறார். அங்கே அது விடுதி. அதே முன்னுரையில் ஒரு மாலுமி வருகிறான். அவனுக்கு நிலவின் போக்குத் தெரியும், 'ஹெர்பெர்வ' தெரியும் என்று கவிஞர் அடுக்குகிறார். இங்கே அது கப்பல் ஒதுங்கும் இடம். ஒரே சொல், ஒரே பாட்டு, சில நூறு வரிகள் தள்ளி இரண்டு பொருள். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் சொல்லின் இரண்டு காலும் எனக்குத் தெரிந்தன. ஒரு கால் தரையில், மற்றது தோணியில்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெட்டே என்பவரின் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. கண்டி அரசனோடு பேரம் சரிவராமல் அவர்கள் அப்பால் தரங்கம்பாடிக்குப் போய் அங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு போர்த்துக்கேயர். 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து கொஞ்சக் காலம் இருந்து போனார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே வருஷம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். சமாதான உடன்படிக்கையில் திரும்ப ஒல்லாந்தரிடம் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த வருஷங்களை நாங்கள் பாடமாக்கினோம். சலிப்பான பட்டியல். ஆனால் இந்த ஐந்து பேரும் தங்கள் வாயில் கொண்டு வந்த சொற்களை ஒரு முறை பாருங்கள்.

டேனியருக்கு விடுதி 'ஹெர்பெர்க'. போர்த்துக்கேயருக்கு 'அல்பெர்க'. ஒல்லாந்தருக்கு 'ஹெர்பெர்க்'. பிரெஞ்சுக்காரருக்கு 'ஓபெர்ஜ்'. ஆங்கிலேயருக்கு ஹாபர். ஐந்தும் ஒரே ஜெர்மானிய வேர். படை தங்கும் இடம் என்ற அந்தப் பழைய சொல்லையே ஐந்து கொடிகளின் கீழும் ஏற்றிக்கொண்டு இந்தக் குடாவுக்குள் வந்திருக்கிறார்கள். மற்ற நான்கு பேருக்கும் அது தரையில் உள்ள விடுதியாகவே இருந்தது. கப்பல் ஒதுங்கும் இடத்துக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. ஒஸ்டென்பேர்க் முனையில் பீரங்கி வைத்துக் காவலிருந்த ஒல்லாந்தன் கீழே இருந்த தண்ணீரை 'ஹாவன்' என்றிருப்பான், ஹெர்பெர்க் என்பது அவன் குடிக்கப் போகிற இடம். ஆங்கிலேயன் மட்டும்தான் விடுதியைத் தூக்கிக் கடலில் வைத்தான்.

ஒரு வேளை தீவில் வாழ்ந்தவனுக்கு அது இயல்பாக வந்திருக்கலாம். வீடு என்று அவன் நினைத்தது பெரும்பாலும் கடலிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது தெரிகிற கரையைத்தானே.

இந்த ஐவருக்கும் படை, தங்குமிடம் என்ற இரண்டு தேவையும் சேர்ந்தே இருந்தது என்பதுதான் முக்கியம். திருகோணமலையை யாரும் அழகுக்காகப் பிடிக்கவில்லை. வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரை முழுக்கக் கொந்தளித்துக் கிடக்கும்போது, பெரிய போர்க்கப்பல்கள் பயமில்லாமல் ஒதுங்கக்கூடிய இடம் அந்தப் பக்கத்தில் இதைப்போல வேறு இல்லை. சென்னையில் அன்று துறைமுகமே கிடையாது, திறந்த கடலில்தான் கப்பல் நின்றது. எங்கள் உட்துறைமுகத்தைச் சுற்றி நிலமும் குன்றுகளும் கை வளைத்த மாதிரி நிற்கின்றன. வாடையும் உள்ளே வராது, தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சானும் உள்ளே வராது. வெளியே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கரைக்கு மிகக் கிட்ட வரைக்கும் ஏறி வருகிறது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் நின்று பார்க்கிறவர்களுக்குத் திமிங்கிலம் தெரிவது அதனால்தான். ஆழமும் அடைப்பும் ஒரே இடத்தில் வாய்த்தது, படைகள் வந்தன.

தங்க வராதவன் தங்க வைக்கப்பட்ட ஒரு கதையும் இந்தக் குடாவில் உண்டு. 1659இன் கடைசியில் மசூலிப்பட்டணத்தில் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புது மரம் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று கொட்டியாற்றுக் குடாவுக்கு வந்தது. கப்பலின் பெயர் 'ஆன்'. 1660இல் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்கள் மூதூர்ப் பக்கத்தில் கப்பல் தலைவனையும் அவன் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் இன்னும் பலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் ஏறக்குறைய 20 வருஷம் கண்டி நாட்டில் இருந்து, 1679இல்தான் தப்பினான். அவன் எழுதியதைப் படித்தால் ஒன்று தெரியும். அரசன் அவர்களை ஒரு கோட்டைக்குள் அடைத்து வைக்கவில்லை. ஆளுக்கொரு கிராமமாகப் பிரித்து அனுப்பி, ஊர்ச்சனம் அவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று கட்டளையிட்டான். கிராமத்து வீடுகள் முறைவைத்து அந்த வெள்ளைக்காரருக்குச் சமைத்துக் கொடுத்தன. ஹாபர் என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று இதுதான். அந்நிய ஆளுக்கு ஊர் இடம் கொடுத்துச் சோறு போடுவது. நொக்ஸ் அதை எதிர்பார்த்து வரவில்லை, பாய்மரத்துக்கு ஒரு மரம்தான் தேடி வந்தான்.

தமிழ் இந்த இடத்துக்கு வேறு வாசலால் வருகிறது. துறை என்றால் தண்ணீருக்குள் இறங்குகிற இடம். குளிக்கும் துறை, தோணித்துறை, வண்ணான் துறை. கரையில் நிற்கிற மனிதன் தண்ணீரை நோக்கிப் போகிறான், அந்த இறக்கத்தின் பெயர் துறை. ஜெட்டிக்கு நாங்கள் அரச பலகையில் எழுதுகிற சொல்லும் இறங்குதுறைதான். ஹாபர் வெளியிலிருந்து வந்தவன் பார்வையில் பிறந்த சொல், துறை உள்ளே இருந்தவன் பார்வையில் பிறந்த சொல்.

அதற்காகத் தமிழுக்கு அடைக்கலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது என்று நினைத்துவிடக்கூடாது. 'புகு' என்ற சின்ன வினையை எடுங்கள். புகல், புகலிடம் அதிலிருந்து வந்தவை. காவிரி கடலில் புகுகிற இடத்தில் இருந்த பெரும் துறைமுகத்துக்குப் புகார் என்று பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். ஆறு புகும் இடமும் அகதி புகும் இடமும் ஒரே வினையில் நிற்கின்றன. சிலப்பதிகாரத்தில் அந்தப் புகாரை விட்டு நடந்து வந்த கண்ணகிக்கு மதுரையின் வெளியே மாதரி என்ற இடைச்சி வீட்டில் இடம் கிடைக்கிறது. அந்தக் காதைக்கே அடைக்கலக் காதை என்றுதான் பெயர். துறைமுகப் பட்டினத்து வணிகர் மகளுக்கு ஹாபராக இருந்தது மோர் விற்கிற ஒருத்தியின் வீடு.

திருஞானசம்பந்தர் எங்கள் ஊரைப் பாடும்போது கடலைக் 'குரைகடல்' என்கிறார். அது அகிலையும் சந்தனத்தையும் மணியையும் வாரிக் கொண்டுவந்து, 'நித்திலம் கொழிக்கும்' கோணமாமலை. நித்திலம் என்றால் முத்து. பொருள் வந்து ஒதுங்கும் கரையாகத்தான் 7ஆம் நூற்றாண்டில் இது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. படை எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. ஹாபரின் நேர் உறவைத் தமிழில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் கடல் பக்கமே போகமாட்டேன். நகரத்துக்குள் மடத்தடிச் சந்திக்குத்தான் கூட்டிப்போவேன். மடம் என்ற சொல்தான் அதற்குச் சரியான சோடி. வழிப்போக்கனுக்குக் கூரை, கிணறு, படுக்கத் திண்ணை.

முத்து என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1941 டிசெம்பர் 7ஆம் திகதி ஹவாயில் பேர்ள் ஹாபரைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படை, அதே தளபதி நாகுமோவின் கீழ், அடுத்த ஏப்ரலில் இலங்கைக்கு வந்தது. 5ஆம் திகதி கொழும்பு, 9ஆம் திகதி திருகோணமலை. தாக்குதல் வரப்போகிறது என்று முன்னதாகவே தெரிந்ததால் உள்ளே நின்ற கப்பல்களை முதல் நாளே வெளியே போகச் சொன்னார்கள். 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அப்படித்தான் புறப்பட்டது. தன் விமானங்களைக்கூட ஏற்றாமல் கரையோரமாகத் தெற்கே போனது. மட்டக்களப்புக்கு நேரே கடலில் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். 300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துணைக்குப் போன அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயரு'ம் மூழ்கியது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று இதைச் சொல்லாத புத்தகம் இல்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே நிற்பதும் ஆபத்து, வெளியே போனதும் ஆபத்து. வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கிய பிறகு, குன்றுகள் வளைத்து நிற்பதால் மட்டும் ஒரு இடம் ஹாபர் ஆகிவிடாது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்களில் ஒன்று அன்று எரிந்ததைப் பற்றி ஊரில் வயதானவர்கள் தாங்களே கண்டதுபோலச் சொல்வார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் கண்டது அது.

1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். படை போகவில்லை. ஆள் மாறியது. டொக்யாட்டின் மதில் அதே மதில்தான். எங்கள் தலைமுறைக்கு ஹாபர் என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கிற ஒன்று. பாஸ் இருந்தால்தான் உள்ளே. மாமா அங்கே டலி கிளாக்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிப்பது வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து. கடைசிக் காலத்தில் கடைச் சாமான் பட்டியலைக்கூட அப்படித்தான் எழுதினார். ஹாபர் எங்கள் வீட்டுக்குள் வந்தது மாமாவின் அந்தக் கோடுகளாகவும், சேட்டில் ஒட்டியிருந்த கோதுமைத் தூசாகவும்தான்.

எங்களுக்குத் திறந்திருந்த ஒரே தண்ணீர் வாசல் மூதூர் லோஞ்ச். அம்மம்மாவின் ஊர் மூதூர். கின்னியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் தரைவழியாகப் போவதென்றால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி இறங்கிப் பெரும்பாடு. லோஞ்சில் ஏறினால் நேரே. நடுவில் இயந்திரம், அதைச் சுற்றிப் பலகை இருக்கைகள், டீசல் மணமும் நனைந்த கயிற்று மணமும் கலந்து வரும். மீன் பெட்டி, கோழி, சீமெந்துப் பை, பள்ளிக்கூட வாத்திமார், ஆசுபத்திரிக்கு வந்து திரும்புகிற கர்ப்பிணிகள் எல்லாரும் ஒரே பலகையில். உட்துறைமுகத்துக்குள் தண்ணீர் குளம் போல இருக்கும். முனையைத் தாண்டிக் கொட்டியாற்றுக் குடாவுக்குள் நுழைந்த நிமிஷம் லோஞ்ச் ஒரு பக்கம் சாயும். முன்னால் இருக்கிற பெண்கள் ஒரே நேரத்தில் முக்காட்டையும் முந்தானையையும் இழுத்துப் பிடிப்பார்கள், தெறிக்கிற தண்ணீரிலிருந்து பிள்ளையின் தலையை மூட. ஹாபர் என்ற சொல்லின் இரண்டாவது பாதி எனக்கு உடம்பால் விளங்கியது அந்த இடத்தில்தான். உள்ளே இருந்தவரை அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

பெயர்ச்சொல்லை விட்டு வினைக்கு வந்தால் ஹாபர் இன்னும் ஆழமாகிறது. ஒருவரை ஹாபர் செய்வது என்றால் இடம் கொடுத்து வைத்திருப்பது. கத்தோலிக்கர் சொல்கிற இரக்கச் செயல்களில் ஒன்று, வீடில்லாதவருக்கு இடம் கொடுத்தல். பழைய ஆங்கிலத்தில் அதை 'ஹாபர் இல்லாதவரை ஹாபர் செய்' என்றே சொன்னார்கள். 1526இல் வில்லியம் டின்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலமாக்கியபோது, இயேசு 'நான் ஹாபர் இல்லாதிருந்தேன், நீங்கள் எனக்குத் தங்க இடம் தந்தீர்கள்' என்று சொல்வதாக எழுதினார். 1611இல் வந்த மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'அந்நியன்' என்று மாற்றிவிட்டது. எங்கள் தமிழ் வேதாகமத்திலும் அது 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்றுதான் வருகிறது. எனக்கு டின்டேலின் வரி பிடிக்கும். அந்நியன் என்பது மற்றவர் அவனைப் பார்க்கிற பார்வை. ஹாபர் இல்லாதவன் என்பது அவனுடைய இரவு.

அதே வினை சட்டத்துக்குள் நுழைந்ததும் முகம் மாறிவிட்டது. குற்றவாளிக்கு இடம் கொடுப்பது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி வந்த எங்கள் தண்டனைச் சட்டக்கோவையிலும் அது இருக்கிறது. இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. இரவில் கதவு தட்டுப்பட்டால் திறப்பதா விடுவதா என்று ஒரு வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்த காலம் ஒன்று இருந்தது. உள்ளே எடுத்தால் ஒரு பக்கம் கேட்கும், எடுக்காவிட்டால் மனச்சாட்சி கேட்கும். ஆங்கிலத்தில் இன்று இந்த வினையோடு சேர்ந்து வருபவை பெரும்பாலும் வன்மம், சந்தேகம், தப்பியோடியவன். மனதுக்குள் ஒளித்து வைத்துச் சோறு போட்டு வளர்க்கிற எதற்கும் அது ஆகும். எங்கள் பேச்சில் 'கறுவம் வைச்சிருக்கிறான்' என்கிறோமே, அந்த 'வைச்சிருக்கிறான்' அதேதான். அன்பை யாரும் ஹாபர் செய்வதில்லை. இரக்கச் செயலாக இருந்த சொல்லைப் பயம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதன் தூரத்து உறவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஹாபிஞ்சர்' என்றால் இன்று முன்னறிவிப்பு. முதலில் அது ஒரு உத்தியோகம். அரசனோ படையோ வருவதற்கு முன்னால் போய் ஊரில் தங்க வீடு பிடித்து வைக்கிற ஆள். எங்கள் கூத்தில் ராசா வர முன்னம் களரிக்கு வந்து வரவு சொல்கிற கட்டியகாரனுக்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி முறை.

சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26 காலையில் முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து சனம் உவர்மலையை நோக்கி ஓடி வந்தது. மேடு என்பதால். எங்கள் வீடு அங்கேதான். படலையைத் திறந்து விட்டதும் யார் எவர் என்று பார்க்க நேரமில்லை, முற்றம் நிறைந்துவிட்டது. பின்னேரம் கொஞ்சப் பேர் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். ஒரு குடும்பம் எங்களோடு நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண், புருஷன், மாமியார். அவள் கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இருந்தது நகை அடகு வைத்த சிட்டு மட்டும். ஊறிப் போயிருந்தது. அம்மா அதை ஒரு சுளகில் மெல்லப் பிரித்துப் பரப்பி, காற்றில் பறக்காமல் நான்கு மூலைக்கும் புளியங்கொட்டை வைத்து, விறாந்தையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நகர்த்தி நகர்த்திக் காயவைத்தா. தன் நூல் சேலை ஒன்றை விறாந்தை வளையில் கட்டி ஏணையாக்கினா. "அக்கா, உங்களுக்குக் கரைச்சல்" என்று அந்தப் பெண் சொல்லும்போதெல்லாம் அம்மா, "பேசாம இரு பிள்ளை, பிள்ளைக்குப் பாலைக் குடு" என்பா. தைப்பொங்கலுக்கும் அவர்கள் எங்களோடுதான் பொங்கினார்கள்.

விதானையார், அதாவது கிராம சேவகர், ஒரு நாள் பதிய வந்தார். முகாமில் இருப்போர் ஒரு பிரிவு, நண்பர் உறவினர் வீடுகளில் தங்கியிருப்போர் இன்னொரு பிரிவு. பிறகு வந்த நிறுவனக்காரரின் ஆங்கிலப் படிவத்தில் எங்களுக்குப் பெயர் 'ஹோஸ்ட்' குடும்பம். அந்த ஹோஸ்ட் என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு பொருள். விருந்து ஏற்பவன் ஒன்று, படைத்திரள் மற்றது. அவை லத்தீனில் இரண்டு சொற்கள், அவற்றின் அடியில் இருப்பது ஒரே வேர், அதன் பொருள் வெளியாள். வெளியாள் எதிரியாகவும் வரலாம், விருந்தாளியாகவும் வரலாம். ஹாபரில் இருக்கிற அதே முடிச்சு. ஐரோப்பிய மொழிகள் இந்த இரண்டையும் பிரிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஒன்றாகக் கட்டியிருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. வாசலில் நிற்கிற ஆள் யார் என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டிய கணம் எல்லா ஊருக்கும் பொது.

இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்த ஊர் எங்களுடையது. படை தங்கியது உட்துறைமுகத்தில். தங்க இடம் இல்லாமல் வந்த சனத்துக்கு இடம் கொடுத்தது உவர்மலையிலும் பாலையூற்றிலும் மடத்தடியிலும் இருந்த விறாந்தைகள். ஹாபர் என்று எழுதிய பெயர்ப்பலகை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதன் வேலை மதிலுக்கு இந்தப் பக்கம் நடந்தது. இதை நான் யாரையும் குறை சொல்லும் தொனியில் எழுதவில்லை. எங்கள் அகராதிகள் ஹாபருக்குத் துறைமுகம் என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதுதான் என் மனக்குறை. முதலில் புகலிடம் என்று எழுதி, அடுத்ததாகத் துறைமுகத்தை எழுத வேண்டும். சொல் நடந்து வந்த வழியும் அதுதான்.

உயர்தர வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு நான் ஒரு வாக்கியம் கொடுப்பதுண்டு. ஒரு கிழவி ஒரு பையனை மூன்று கிழமை ஹாபர் செய்தாள் என்று. பெரும்பாலான பிள்ளைகள் அகராதியைப் பார்த்துவிட்டுத் துறைமுகத்தில் முட்டி நிற்பார்கள். கெட்டிக்காரர் 'அடைக்கலம் கொடுத்தாள்' என்று எழுதுவார்கள், அது சரி. ஒரு முறை மூதூரிலிருந்து வந்து படித்த பிள்ளை ஒருத்தி எழுத்துத் தமிழையே விட்டுவிட்டு, "அந்த அம்மா பொடியன மூண்டு கிழம வச்சுப் பாத்தா" என்று எழுதிக்கொண்டு வந்தாள். பேச்சுத் தமிழில் எழுதினால் புள்ளி போகும் என்று பக்கத்தில் இருந்தவள் சொல்ல, இவள் நிமிர்ந்து, "டீச்சர், எங்கட உம்மா அப்பிடித்தான் சொல்லுவா. எங்கள ஆரு வச்சுப் பாத்தாங்களோ அவங்கட பேரெல்லாம் அவாவுக்குப் பாடம்" என்றாள். முழுப் புள்ளியும் போட்டேன்.